ஈறில் ரத்தம்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். எஸ்டேட் முகாம்களுக்கும் போவதுண்டு. சொத்தைப் பல்லுக்காக வருகிறவர்கள் எழுந்து போகும் நேரத்தில், கதவைப் பிடித்துக்கொண்டே ஒன்று கேட்பார்கள்: “டாக்டரம்மா, ஈறில் கொஞ்சம் ரத்தம் வருகிறது, அது ஒன்றும் இல்லையே?” அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு பல கேள்விகள் இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

பல் தேய்த்துத் துப்பும்போது எச்சிலோடு ரத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நல்ல ஈறு மென்மையான பிரஷ் பட்டு ரத்தம் விடாது. விடுகிறது என்றால் அங்கே அழற்சி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஒன்றுதான். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், நகத்தால் சுரண்டினால் வெண்ணிறமாக ஒட்டிக்கொண்டு வருமே, அந்தப் படலம். அது சோற்றுத் துணுக்கு அல்ல, கிருமிகளின் கூட்டம். அதை எதிர்க்க உடல் அந்த இடத்துக்குக் கூடுதலாக ரத்தத்தை அனுப்புகிறது. ஈறு உப்பிப் பளபளக்கிறது, உள்தோல் மெலிகிறது, தொட்டால் கசிகிறது.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆரம்ப நிலை ஈறு நோய் முழுவதும் குணமாகக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொன்று. விளம்பரப் படங்களில் வருவதுபோல ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மில் பலருக்குப் பிறவியிலேயே ஈறு பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். அது நோயல்ல. வீக்கம், பளபளப்பு, தொட்டால் கசிவு இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தம் வருகிற இடம் புண்தானே, ஆறட்டும் என்று அங்கே பிரஷ் படாமல் தேய்க்கிறேன். சரிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கையில் காயம் பட்டால் தொடாமல் விடுகிறோம், அது ஆறுகிறது. ஈறு அப்படி ஆறாது. அங்கே காரணமே விளிம்பில் ஒட்டியிருக்கும் படலம். பிரஷ் படாத இடத்தில் அது தடிக்கும், அழற்சி கூடும், மறுநாள் இன்னும் எளிதாக ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்து இன்னும் ஒதுங்குவீர்கள். வலப்பக்கம் மட்டும் காரை (கல்லாக இறுகிய படலம்) மண்டிய வாய்களை நிறையப் பார்க்கிறேன். விசாரித்தால், எப்போதோ அந்தப் பக்கம் ரத்தம் வந்ததிலிருந்து அங்கே தேய்ப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

ரத்தம் வருகிற இடத்தில்தான் கூடுதல் கவனத்தோடு, மென்மையாக, தவறாமல் தேய்க்க வேண்டும். முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும். பிறகு குறையும். ஒரு வாரம், பத்து நாளில் வித்தியாசம் தெரியும். இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் வாருங்கள்.

மார்கழியில் தண்ணீரில் கை வைக்கவே முடியவில்லை. காலையில் ஒரு வேளை தேய்த்தால் போதாதா?

உறைபனி விழும் ஊரில் ராத்திரி குழாயைத் திறக்கச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகளில் இது வருவதே இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவில் தேய்ப்பதையே தேர்ந்தெடுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். வாயைக் கழுவிக்கொண்டிருப்பது எச்சில்தான். அது குறைந்த அந்த ஏழெட்டு மணி நேரம் கிருமிகளுக்கு வசதியான காலம்.

வழி இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் அடுப்பில் சூடு இருக்கும்போதே ஒரு தம்ளர் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். படுக்கும் நேரம்வரை தள்ளினால் கம்பளிக்குள் போய்விடுவோம், பிறகு எழ மாட்டோம். பல் தேய்க்க அதிகத் தண்ணீரும் தேவையில்லை. பிரஷை நனைக்கச் சிறிது, தேய்த்தபின் நன்றாகத் துப்ப வேண்டியதுதான். பத்து முறை கொப்பளித்தால் பற்பசையில் உள்ள ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவது வேறு. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் அப்படிக் கூசும். குளிரால் ஈறில் ரத்தம் வருவதில்லை. குளிருக்குப் பயந்து தேய்க்காமல் விடுவதால்தான் வருகிறது.

அழுத்தித் தேய்த்தால்தானே அழுக்குப் போகும்? கடினமான பிரஷாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

அழுத்தம் படலத்தை எடுப்பதில்லை. ஈறைக் கிழிக்கிறது, பல்லின் கழுத்தை அரிக்கிறது. உறையில் ‘சாஃப்ட்’ என்று போட்டிருக்கும் பிரஷை வாங்குங்கள். ஒரே மாதத்தில் தூரிகை இரண்டு பக்கமும் மலர்ந்து விரிந்துவிட்டதா? கை பலம் அதிகம் என்று பொருள்.

கண்ணாடி முன் நின்று ஒரு முறை செய்து பாருங்கள். தூரிகையைப் பல்லின் நடுவில் வைக்காமல், பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி விளிம்பில் சாய்த்து வையுங்கள். மேல்வரிசைக்கு மேல்நோக்கி, கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கி. பென்சில் பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிடியுங்கள், முஷ்டியாகப் பிடித்தால் அழுத்தம் தானாக வந்துவிடும். வைத்த இடத்திலேயே மெல்ல நடுக்குவதுபோல் அசையுங்கள். இரண்டு மூன்று பல் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகருங்கள். எல்லோரும் மறக்கும் இடம் கீழ்முன்பற்களின் உட்பக்கம், நாக்கை ஒட்டிய பக்கம். அங்கே பிரஷை நெட்டுக்குத்தாக நிறுத்தி, முனையால் தேய்க்க வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ்.

பல் இடுக்கில் மாட்டியதை ஊக்கால் எடுக்கிறேன். அதற்குப் பிறகுதான் ரத்தம்.

ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரே இடுக்கில் எப்போதும் மாட்டுகிறது என்றால் அங்கே சொத்தையோ, இடைவெளியோ, சொத்தைக்குப் போட்ட, சரியாகப் பொருந்தாத அடைப்போ இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை இடுக்குக்கென்றே விற்கிற சின்ன பிரஷ், இடைவெளி இல்லாதவர்களுக்குப் பல் நூல். இவற்றைப் பயன்படுத்தும் முதல் வாரம் ரத்தம் வந்தால், முன்பு சொன்ன அதே பதில்தான்: நிறுத்தாமல் தொடருங்கள்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்? குச்சியில் தேய்த்தால் போதாதா?

குச்சி என்றால் இங்கே பலருக்கு வேப்பங்குச்சிதான், ஆனால் உதகை உயரத்தில் வேம்பு தழைப்பதில்லை. மேட்டுப்பாளையம் போய்வருகிறவர்களிடம் சொல்லி வைத்து, கட்டாக வாங்கி வைத்திருக்கும் தாத்தாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி, பொறுமையாகத் தேய்த்தால் முன்பற்களின் வெளிப்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் குச்சி போகாது. ஈறு நோய் முற்றுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். குச்சியை விட மனமில்லாதவர்கள் காலையில் குச்சி, இரவில் பிரஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரித்தூள், செங்கல் தூள், சொரசொரப்பான உப்பு வேண்டாம். பல்லின் மேற்பூச்சு தேய்ந்தால் மீண்டும் வளராது. புகையிலை கலந்த பொடிகள் கூடவே கூடாது.

ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தை ஈறில் தடவலாமா? கிராம்பு எண்ணெய்?

தடவாதீர்கள். இந்த மலையில் எல்லா வீட்டிலும் ஒரு புட்டி இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீலகிரித் தைலம் மார்பிலும் முதுகிலும் தடவுவதற்கும் ஆவி பிடிப்பதற்கும். வாய்க்குள் சுத்தமான எண்ணெயாகப் பட்டால் ஈறின் தோல் வெந்துவிடும். குழந்தைகள் சில மில்லி விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். பக்கத்திலேயே விற்கிற வின்டர்கிரீன் தைலம் இன்னும் ஆபத்து. மூட்டுவலிக்குத் தடவும் அந்த எண்ணெயில் இருப்பது ஆஸ்பிரின் வகை மருந்து. ஒரு தேக்கரண்டி அளவில் ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான மருந்து இருக்கிறது. பல்வலிக்கு என்று குழந்தையின் வாயில் வைத்துவிடாதீர்கள். புட்டிகளை உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

கிராம்பு எண்ணெய் சொத்தைப் பல் வலியைச் சற்று நேரம் மரக்கச் செய்யும். ஈறில் ரத்தம் வருவதற்கு அது மருந்தல்ல. நேரடியாகப் பட்டால் அதுவும் புண்ணாக்கும்.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் நிற்கிறதே? மருந்துக் கடையில் ஒரு மவுத்வாஷ் கொடுத்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு: இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் அப்படியே. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தைப் பெயர்த்தெடுக்காது. அதை பிரஷ்தான் செய்ய வேண்டும்.

கடையில் கொடுத்தது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் ஆக இருக்கும். நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரம். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், நாக்கில் சுவை மாறும். கொப்பளித்த உடனே டீ குடித்தால் கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பல் தேய்த்ததற்கும் இதற்கும் இடையே அரை மணி நேரமாவது விடுங்கள். பற்பசையின் நுரை இதன் வேலையைக் கெடுக்கும்.

வைட்டமின் சி குறைவால்தான் என்கிறார்கள். தோட்டத்துக் கேரட் நிறையச் சாப்பிடுகிறேனே?

கேரட் நல்லது, ஆனால் அதில் வைட்டமின் சி குறைவு. அதன் பெருமை வைட்டமின் ஏ. சி வேண்டுமென்றால் கொய்யா, பெருநெல்லி, ஆரஞ்சு, எலுமிச்சை. நம் தோட்டத்து முட்டைக்கோசிலும் காலிஃபிளவரிலும் இருக்கிறது. குழைய வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு நடுத்தரக் கொய்யா ஒரு நாள் தேவையைத் தாண்டிக் கொடுத்துவிடும்.

வைட்டமின் சி அறவே இல்லாமல் போனால் ஸ்கர்வி வரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், தோலில் ரத்தப் புள்ளிகள் தோன்றும், காயம் ஆறாது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகள் தேறியதைக் காட்டினார். இன்று அது அரிது. தனியாக இருந்துகொண்டு டீயும் பன்னும் மட்டுமே சாப்பிடும் முதியவர்கள், நாட்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோரிடம் சந்தேகப்பட வேண்டும். மற்றவர்கள் வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பல் தேய்க்காமல் இருந்தால் ரத்தம் நிற்காது.

பல் சுத்தம் செய்துகொண்டால் பல் ஆடிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அவருக்கு அப்படித்தான் ஆனதாம்.

இந்த ஒரு பயத்தால் மலையில் எத்தனையோ பற்கள் போயிருக்கின்றன. அக்கா பொய் சொல்லவில்லை, அவர் உணர்ந்ததைத்தான் சொல்கிறார். என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். படலத்தைப் பல நாட்கள் எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது கல்லாக இறுகும். அதுதான் காரை. பிரஷுக்கு அது அசையாது. காரை ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. வருடக்கணக்கில் அப்படி இருந்த வாயில், பற்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் காரைதான். இடிந்த சுவரின் மேல் படர்ந்த கொடி சுவரைத் தாங்குவதுபோலத் தோன்றுமே, அப்படி. காரையை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. அதை எடுக்காமல் விட்டால் மிச்சமிருக்கும் எலும்பும் கரையும்.

காரை இருந்த இடம் காலியானதும் நாக்குக்கு ஓட்டை விழுந்ததுபோல் தோன்றும். பல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். கருவி அதிர்வால் காரையை உதிர்க்கிறது, பல்லை இழைப்பதில்லை. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் பல் நீளமாகவும் தெரியும். சில நாட்கள் குளிர்ந்த நீர் கூசும், வெந்நீரில் கொப்பளியுங்கள். எடுத்த காரையைக் கண்ணாடித் தட்டில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். சொரசொரப்பான, பழுப்பும் கருப்புமான சில்லுகள். அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் மறுமுறை தாங்களாகவே வருகிறார்கள்.

செலவு கவலை என்றால், உதகையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. உங்கள் வட்டத்து அரசு மருத்துவமனையிலும் பல் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வந்து முடித்துக்கொள்ளுங்கள். மண்சரிந்து சாலை அடைபட்ட நாட்களில் பல்லுக்காக யாரும் கிளம்ப மாட்டார்கள்.

வலியே இல்லை. ஆனால் எலும்பு வரை போய்விட்டது என்கிறீர்கள். எப்படி நம்புவது?

ஈறு நோய்க்குப் பெரும்பாலும் வலி கிடையாது. அதனுடைய கொடுமையே அதுதான். சொத்தை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கும், ஈறு நோய் பல் ஆடும்வரை வாய் திறக்காது.

நம்ப வேண்டாம், அளந்து பார்க்கலாம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்குவோம். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நான்கு, ஐந்து, ஆறு என்று இறங்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எக்ஸ்-ரேயில் எலும்பின் மட்டமும் தெரியும். எண்களைச் சொல்லும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிடலாம். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது. மேலும் கரையாமல் நிறுத்த முடியும், பல்லைப் பல வருடங்கள் காப்பாற்ற முடியும். அதற்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும்.

எனக்கு ரத்தம் வருகிறது. நாள் முழுவதும் பீடி குடிக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டும் வருவதில்லை. அவர் ஈறு நல்ல ஈறா?

அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உள்ளே நோய் ஓடும், வெளியே ரத்தம் வராது. எச்சரிக்கை கொடுக்கும் அடையாளத்தையே புகை மறைத்துவிடுகிறது. புகைப்பவர்களுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது அதிகம், சிகிச்சைக்குப் பின் ஆறுவதும் தாமதம். நிறுத்திய சில வாரங்களில் ஈறில் புதிதாக ரத்தம் வரத் தொடங்கலாம். பீடியை விட்டதால் கெட்டுவிட்டது என்று மறுபடி தொடங்கிவிடாதீர்கள், மறைந்திருந்தது தெரிகிறது.

கொழுந்து பறிக்கும்போது வெற்றிலை போடும் பாட்டிகளுக்கும் இதேபோல ஒரு மறைப்பு இருக்கிறது. சிவந்த எச்சிலில் ரத்தம் தெரியவே தெரியாது. வெற்றிலை போடாத காலை நேரத்தில் வெள்ளைத் துணியால் ஈறைத் துடைத்துப் பாருங்கள். பாக்கு, புகையிலை சேர்க்காமல் போட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் நாட்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். முற்றிய ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் சுமார் 0.4 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறியதாகத் தோன்றலாம், ஆனால் மாத்திரை கூட்டாமல் கிடைக்கும் குறைவு அது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும்போது ஈறைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்னும் பரிசோதிக்காதவர்களுக்கு அடிக்கடி ஈறில் சீழ் கோத்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். ஈறு வீங்கி ரத்தமாக வருகிறது. பிள்ளை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார்.

ஹார்மோன் மாற்றத்தால், கொஞ்சம் படலம் இருந்தாலும் ஈறு பெரிதாக வீங்கும். பிள்ளை பிறந்தபின் தணியும், அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. பல் சுத்தம் செய்வது கர்ப்பத்தில் பாதுகாப்பானது. நான்கிலிருந்து ஆறு மாதம் வரை நாற்காலியில் சாய்வதற்கும் வசதி. மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் சொல்கிறேன். மசக்கையில் வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள், அமிலத்தில் இளகிய பல் தேயும். ஒரு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி கழித்துத் தேய்க்கலாம்.

இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை. அதை நிறுத்திவிட்டு வரவா?

உங்கள் முடிவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவர்களுக்கு நிறுத்தாமலேயே சுத்தம் செய்கிறோம். கொஞ்ச நேரம் கூடுதலாகக் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். வார்ஃபரின் வகை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்துவிட்டுச் செய்வோம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். மாத்திரையை நிறுத்தி மாரடைப்பு வந்தால் அதை அழுத்திப் பிடித்து நிறுத்த முடியாது.

ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லின் மேல் வளரச் செய்யும். அதற்கும் அதே விதி: மருந்து கொடுத்த மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

என் பிள்ளைக்கு மூன்று வயது. காய்ச்சலோடு ஈறெல்லாம் சிவந்து ரத்தம் வருகிறது. பல் தேய்க்கவில்லை என்பதாலா?

இந்த வயதில் காய்ச்சலும் வாய் நிறையச் சிறு புண்களும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ் தொற்று. பத்துப் பதினான்கு நாளில் தானாக ஆறும். ஆபத்து, வலியால் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் போவதுதான். ஆறின கஞ்சி, இளநீர், மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடனே மருத்துவமனை. ஆறேழு வயதில் புதுப் பல் முளைக்கும்போது சிறிது ரத்தம் வருவது வேறு, அது இயல்பு.

எங்கள் வீட்டில் சிக்கிள் செல் இருக்கிறது. ஈறில் ரத்தம் வருவது அதனால்தானா?

பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய். இந்த அரிவாள் செல் ரத்தசோகை நேரடியாக ஈறில் ரத்தம் வரச் செய்வதில்லை. மேலே முதலில் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும். ஆனால் தொற்றும், குளிரும், உடலில் நீர் வற்றுவதும் உங்களுக்கு உடல்வலி நெருக்கடியைத் தூண்டும். ஆகவே ஈறு நோயை மற்றவர்களைவிட முன்னதாகவே கவனிக்க வேண்டும். பல் மருத்துவரிடம் உங்கள் சிக்கிள் செல் அட்டையைக் காட்டுங்கள், வரும்போது கம்பளி போர்த்தி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

எப்போது பல் மருத்துவரிடம் வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

பிரஷே படாமல், தானாக ரத்தம் கசிந்து நிற்காதபோது. தோலில் காரணமின்றி நீலம் பாரித்தாலோ, சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலோ, வாரக்கணக்கில் காய்ச்சலும் வெளுப்பும் சோர்வும் கூட இருந்தாலோ ரத்தப் பரிசோதனை அன்றே வேண்டும். ரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளம் சில சமயம் ஈறில்தான் தெரியும். சமவெளிக்குப் போய் வந்தபின் காய்ச்சலும் ஈறில் ரத்தமும் சேர்ந்து வந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். அப்போது ஆஸ்பிரினோ ப்ரூஃபெனோ போடாதீர்கள்.

இன்னொன்று, கூடலூர், பந்தலூர், குஞ்சப்பனைப் பக்கம் தாழ்ந்த சரிவுகளில் வேலை செய்கிறவர்களுக்கு. காலில் ஏதோ கடித்து, சில மணி நேரத்தில் ஈறிலிருந்து ரத்தம் வந்தால் அது விரியன் கடியாக இருக்கலாம். அந்த நஞ்சு ரத்தத்தை உறையவிடாது. வீக்கம் குறைவு, பாம்பைப் பார்க்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். கட்டு இறுக்காமல், கீறாமல், நடக்க வைக்காமல், நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே.

எல்லாம் சொன்னபடி செய்தேன். வாய் முழுவதும் நின்றுவிட்டது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்கவில்லை. என்ன செய்வது?

ஒரே இடம் என்றால் அங்கே ஏதோ ஒன்று பிரஷை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஈறுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அடைப்பு, விளிம்பு பொருந்தாத கேப், கழற்றி மாட்டும் பல்லின் கொக்கி, பாதி முளைத்த கடைசிப் பல், ஈறுக்கு அடியில் மிச்சமிருக்கும் காரை, இல்லையென்றால் வேரில் கீறல். இவற்றை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. சதை சின்னக் கட்டியாக வளர்ந்திருந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ அதிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

வரும்போது அந்த இடத்தை விரலால் சரியாகக் காட்டுங்கள். எப்போதிலிருந்து, எதைச் சாப்பிடும்போது, தானாகவா தொட்டாலா என்று சொல்லுங்கள். வருவதற்கு முன் ரத்தம் தெரியக் கூடாது என்று இரண்டு நாள் அங்கே தேய்க்காமல் இருந்துவிடாதீர்கள், எப்போதும்போல் தேய்த்துவிட்டே வாருங்கள்.